மணம் இல்லாத வெள்ளை

பெயின்ற் ரின்னின் மூடியை நெம்பித் திறந்தால் எல்லோரும் குனிந்து மூக்கை அதற்குள் கொண்டுபோவார்கள். அவர் அப்படிச் செய்வதில்லை. ரின்னை நிலத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, இரண்டு அடி பின்னால் போய், கைகளைப் பின்புறம் கட்டிக்கொண்டு, வாசல் படலையில் யாரோ வருவதற்குக் காத்திருப்பவர் போல முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி நிற்பார். காற்று ஒருமுறை வந்துபோகும். அதன் பிறகுதான் வாய் திறப்பார்.

“மணத்தைத் தேடி நாங்கள் போகக்கூடாது. அது எங்களிட்டை எப்பிடி வருகுது எண்டு பாக்கவேணும். நடந்து வருகுதோ, ஓடி வந்து மேலை விழுகுதோ எண்டு.”

அவருக்குக் கண் பார்வை இல்லை. யாழ்ப்பாணத்தில் கொழும்புத்துறைப் பக்கம், ஆழமில்லாத பரவைக்கடலை ஒட்டி, பார்வை இல்லாதவர்கள் சேர்ந்து வாழும் இல்லம் ஒன்று இருக்கிறது. அவர் அங்கே பிரம்புக் கதிரை பின்னுகிற பெண்ணாக இருந்தார். நான் அரியாலையில் கல்லில் எழுத்து வெட்டும் பட்டறையில் வேலை செய்கிறவன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. கேட்காமல் எழுதுவது முறையில்லை. அவர் இப்போது பருத்தித்துறையில் தங்கையின் வீட்டோடு இருக்கிறாராம். அங்கே போக பஸ் இருக்கிறது. நான்தான் இன்னும் போகவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துக்களை வாசித்துப் பழகியதைவிட வெட்டிப் பழகியதுதான் அதிகம். வீட்டுப் பெயர், கடைப் பெயர், கல்லறைப் பெயர் என்று எத்தனையோ வெட்டியிருக்கிறேன். கல்லோடு இருப்பதில் ஒரு வசதி உண்டு. அது நம்மோடு கதைக்காது, நாமும் கதைக்கத் தேவையில்லை. பட்டறைக்கு ஆட்கள் வந்தால் முதலாளி கதைப்பார், நான் தலையைக் குனிந்துகொண்டு உளியைத் தீட்டுவேன். திருமணம் செய்யவில்லை. அக்காவின் குடும்பத்தோடு இருக்கிறேன்.

அந்த இல்லத்துக்கு முதன்முதலாக எழுத்துக் கற்களுக்கு அளவெடுக்கப் போன நாளில் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைக்குள் நுழைந்தேன். யாரைக் கேட்பது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டேன். இந்த இடத்தில் நான் நிற்பது யாருக்கும் தெரியாது, என் பாட்டில் அளவெடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். அப்போது பிரம்புக் கொட்டிலுக்குள் இருந்து ஒரு பெண் குரல் வந்தது.

“ஆரோ தின்னர் வருகுது.”

உள்ளே நாலைந்து பேர் சிரித்தார்கள். என் கை, சட்டை, தலைமயிர் எல்லாம் இருபது வருடங்களாகப் பெயின்ற் கரைக்கிற தின்னர் ஊறியவை. அக்கா என் சட்டையை வீட்டுக்குள்ளே கொடியில் போட விடமாட்டா, வெளியே வேலியில்தான் காயும். வெட்கத்தோடு கொட்டில் வாசலில் போய் நின்றேன். என்ன விஷயமாக வந்தேன் என்று சொல்லத் தொடங்கி, பாதியில் சொற்கள் நின்றுவிட்டன. அந்தக் குரலுக்குரிய அவர் பின்னிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலே சொன்னார்.

“நீங்கள் கரைச்சல்பட்டுக் கதைக்கத் தேவையில்லை. உங்கடை தின்னர் வடிவாக் கதைக்குது. கல்லுக்காரர்தானே?”

அன்று முதல் அங்கே எனக்குத் தின்னர் என்றே பெயர். யாரும் என் சொந்தப் பெயரைக் கேட்கவில்லை. நானும் அவரை என்னவென்று அழைப்பது எனத் தெரியாமல், ஒன்றும் அழைக்காமலே கதைத்தேன்.

அவருடைய மூக்கைப் பற்றி அந்த இல்லத்தில் பல கதைகள் உண்டு. சமையல்காரி நேற்றுத் திருவிய தேங்காயைக் கறிக்குள் கலந்தால் சட்டி கொதிக்கும்போதே கொட்டிலில் இருந்து குரல் கொடுப்பார். மழை வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே கொடியில் கிடக்கும் துணிகளை எடுக்கச் சொல்லுவார். ஒருமுறை இல்லத்தின் பொறுப்பாளர் அலுவலகத்துக்குள் நுழைந்ததும், “ஐயா செத்தவீட்டுக்குப் போட்டு வாறியளோ?” என்று கேட்டாராம். அந்த மனிதர் குளித்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஆனாலும் செருப்பில் சாம்பிராணி ஒட்டியிருந்தது.

எனக்கு அது ஒரு பக்கம் பயமாகவும் இருந்தது. ஒருநாள் கல் பதிக்கும் தூண்களைச் சரிபார்த்துக்கொண்டு நின்றபோது பக்கத்தில் வந்தவர், “வீட்டிலை ஆருக்குக் காய்ச்சல்?” என்று கேட்டார். அன்று காலை அக்காவுக்கு நான் மல்லி அவித்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் வாழலாம் என்று நினைத்திருந்தவனுக்கு, வீட்டு அடுப்பு வரை வாசிக்கிற ஒருவரின் முன்னால் நிற்பது சட்டையில்லாமல் நிற்பது போல இருந்தது. “அக்காவுக்கு” என்றேன். “சுகம் வரும். மல்லி நல்லா அவிஞ்சிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று மத்தியானம் முழுவதும் எனக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. அது பயமா வேறு ஏதுமா என்று இன்றைக்கும் தெரியாது.

அங்கே எங்களுக்கு இருந்த வேலை இதுதான். வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பம் தங்கள் தாயின் நினைவாக அந்த இல்லத்து வளவுக்குள் பாதைகள் போட்டுக் கொடுத்தது. பழைய மணல் பாதைகளின் மேல் ஒரே மாதிரியான சீமெந்துக் கற்கள் பதித்தார்கள். பாதை பிரியும் இடங்களில் இடுப்பளவு உயரத் தூண்கள், அவற்றின் மேல் கறுப்புக் கிரனைற்றில் எழுத்து. சமையலறை, கிணறு, பிரம்புக் கொட்டில், கடல் வாசல் என்று மொத்தம் பதினொரு கற்கள். கடல் வாசல் கல் மட்டும் மதிலில். சிறு வயதில் எழுத்துப் படித்துப் பிறகு பார்வை போனவர்கள் விரலால் தடவி வாசிப்பார்கள். அரைப் பார்வை உள்ளவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் தெரியும்படி எழுத்தின் பள்ளத்துக்கு வெள்ளை நிரப்பவேண்டும்.

அந்த வளவில் அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பின்னேரம் கொட்டில் வேலை முடிந்ததும் தனியாகக் கடல் வாசல் வரை நடந்து, கதவைத் தாண்டி, தண்ணீர் ஓரம் சிறிது நேரம் நிற்பார். பிறகு தனியாகவே திரும்பி வருவார். பிரம்பை ஊன்றிக்கொண்டு நடந்தாலும் அவரை நடத்துவது மூக்குத்தான். எலுமிச்சை மணக்கிற தேசி மரத்தடியில் மூன்று பாதைகள் பிரியும். சவர்க்காரமும் பாசியும் மணக்கிற பக்கம் கிணறு. பிரம்பு ஊறும் தொட்டியின் புளித்த மணம் வந்தால் கொட்டில். உப்பும் காய்ந்த பாசியும் வரும் பக்கம் கடல். மற்றவர்களும் அப்படித்தான் நடந்தார்கள். முன்பெல்லாம் மணலின் பருமன் காலுக்கும் வழி சொல்லியிருக்கிறது. புதுக்கல் பதித்த பிறகு காலுக்கு எல்லாப் பாதையும் ஒன்றாகிவிட்டது. மூக்கு மட்டும் மிச்சம்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

திறப்பு விழாவுக்கு முதல்நாள் பதினொரு கல்லுக்கும் வெள்ளை நிரப்பினேன். எனாமல்தான். இருபது வருடங்களாக வேறு ஒன்றும் பாவித்ததில்லை. பள்ளத்துக்குள் பெயின்றைத் தூரிகையால் விட்டு, அரைவாசி காய்ந்ததும் கல்லின் முகத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்தால், எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். பங்குனி முடிகிற நேரம். வாடைக் காற்று ஓய்ந்திருந்தது, கடலில் இருந்து வீசும் சோளகம் இன்னும் தொடங்கவில்லை. மரங்களில் ஒரு இலைகூட அசையாத வெயில். கறுப்புக் கல்லில் வெள்ளை எழுத்துக்கள் எழும்பி நின்றன. கண் உள்ளவர்கள் எல்லோரும் நல்லாயிருக்கிறது என்றார்கள்.

பின்னேரம் அவர் கடலுக்குப் போகிற வழியில் தேசி மரத்தடியில் நின்றார். வழக்கத்தைவிட நெடுநேரம் நின்றார். ஒரு கையை மெல்ல உயர்த்தி, காற்றுக்குள் எதையோ தேடுவது போல அசைத்தார். என் வேலையைத்தான் மெச்சுகிறார் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். அவர் பிறகு கடலுக்குப் போகாமல் வந்த வழியே திரும்பிவிட்டார்.

அடுத்தநாள் காலை, அங்கே ஆர்மோனியம் வாசிக்கிற பெரியவர் முகம் கழுவக் கிணற்றடிக்குப் புறப்பட்டார். தேசி மரத்தடியில் திரும்பவில்லை. நேராகப் போய்க் கடல் வாசல் படியில் தடுக்கி விழுந்தார். நெற்றி உடைந்து மூன்று தையல். விழாவுக்கு வந்தவர்கள் கட்டோடு இருந்தவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். அன்று மத்தியானமே பொறுப்பாளர் கடல் வாசலுக்குப் புதுப் பூட்டு ஒன்று போட்டார்.

நாலு நாள் கழித்து, ஒரு கல்லின் மூலையைச் சரிசெய்ய என்னை அழைத்திருந்தார்கள். படலைக்குள் போனதும் அவர் எழுந்து வந்தார். முகம் சிவந்திருந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

“அண்டைக்கு நீங்கள் எங்கடை பாதையெல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் போட்டியள்.”

எனக்கு விளங்கவில்லை. அவர் என்னைத் தேசி மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நிற்கச் சொல்லி, கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். நாலு நாளுக்குப் பிறகும், என் சட்டைக்கு உள்ளும் வெளியும், எல்லாப் பக்கமும் ஒரே எனாமல். கிணறு இல்லை, தொட்டி இல்லை, கடல் இல்லை. தலைக்கு மேலே இருந்த தேசி மரம்கூட இல்லை. நான் கண்ணைத் திறக்கப் பயந்துகொண்டு நின்றேன்.

அவர் பொறுப்பாளரிடம் போனபோது நானும் பின்னால் போய்க் கதவடியில் நின்றேன். பொறுப்பாளர் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். பெயின்றால் விழுந்தார் என்று யார் கண்டது, கதவு திறந்திருந்தது, அந்த மனிதர் போய் விழுந்தார், அவ்வளவுதான் என்றார்.

“கதவு பத்து வருசமாத் திறந்துதான் கிடந்தது, ஐயா. பெயின்ற்தான் புதுசா வந்தது.”

பொறுப்பாளர் மேசையில் விரல்களால் தட்டிக்கொண்டு யோசித்தார். பிறகு, மணம் இல்லாமல் பண்ண ஏலுமென்றால் பண்ணட்டும், அதன் பிறகு ஒரு கிழமை எல்லோரும் பிழை இல்லாமல் நடக்கட்டும், அப்போது பூட்டைத் திறக்கிறேன் என்றார். அந்தக் கிழமைக்குள் ஒருவர் வழி தவறினாலும் கதவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தை மதிலாகக் கட்டிவிடுவேன் என்றும் சொன்னார்.

வெளியே வந்து படிக்கட்டில் அவர் கொஞ்ச நேரம் இருந்தார். நானும் தள்ளி இருந்தேன்.

“ஒரு நாளிலை என்ரை எண்டு சொல்ல எனக்கு அந்த நடை மட்டுந்தான் இருக்கு,” என்றார். “மத்த எல்லாத்துக்கும் ஆரோ ஒராள் கையைப் பிடிக்கும்.”

முதலாளியிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “மணக்காத பெயின்றோ? அப்ப சோத்துக் கஞ்சியை ஊத்தி நிரப்பு” என்றார். ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உன்பாட்டில் செய் என்று விட்டுவிட்டார். நான் அவரிடம் ஒன்றை விடாப்பிடியாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் பெயின்ற் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஐந்து வகை வாங்கினேன். உடைந்த கிரனைற் துண்டுகளில் ஒரே எழுத்தை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பெயின்றை நிரப்பினேன். விரலுக்குத் தெரியும்படி ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வெட்டுப் போட்டேன். பிறகு ரின்களையும் கல்லுகளையும் பெட்டியில் கட்டிச் சைக்கிளில் கொண்டுபோனேன். முதலில் சொன்னேனே, அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது, அது அப்போதுதான்.

முதல் ரின் குறைந்த மணம் என்று எழுதிய எனாமல். மூடி திறந்ததும், “ரின் பொய் சொல்லுது” என்றார். இரண்டாவது காருக்கு அடிக்கிறது. அதற்குக் கையை மட்டும் வீசினார். மூன்றாவது புது விதமான சுவர்ப் பெயின்ற். திறந்ததும் மல்லிகைப்பூ வாசம் வந்தது. இது பிடிக்கும் என்று நான் நினைத்தேன். அவர் முகத்தை அப்படியே திருப்பிக்கொண்டார்.

“உது மணத்தை எடுக்கேல்லை. மணத்துக்கு மேலை பவுடர் பூசியிருக்கு. உதைப் பூசினால் கிணத்தடியிலையும் கலியாணவீடு, சமையலறையிலையும் கலியாணவீடு. நாங்கள் எங்கை போறது?”

கொட்டிலுக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆர்மோனியப் பெரியவரும் கட்டோடு இருந்து சிரித்தார்.

நாலாவது சாதாரணச் சுவர்ப் பெயின்ற், தண்ணீரில் கரைக்கிறது. மணம் மெதுவாக வந்து மெதுவாகப் போனது. அது போதும் என்றுதான் நினைத்தோம். ஆனால் கல்லுத் துண்டுகளைக் கடல் பக்கத்து மதிலில் வெயிலுக்கு வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில், பத்தாம் நாள் அவருடைய நகத்தோடு அது மாவாக வந்தது. நகத்தில் இருந்த வெள்ளையைத் தேய்த்துக்கொண்டே, “மணமும் இல்லை, உயிரும் இல்லை” என்றார்.

ஐந்தாவதும் தண்ணீரில் கரைக்கிறதுதான். வெளி வேலைக்கென்று செய்தது, கொஞ்சம் தடிப்பு. திறந்தபோது பழைய பால் போல ஒரு சிறு புளிப்பு வந்தது. அவர் நெடுநேரம் நின்றார். இன்னொரு கல்லுத் துண்டில் புதிதாகப் பூசச் சொன்னார். ஒரு மணித்தியாலம் கழித்து வந்து மணந்தார். அடுத்தநாள் விடிய வந்து மணந்தார். பத்து நாள் வெயிலும் தண்ணீரும் பட்ட துண்டை நகத்தால் கீறினார். அது அசையவில்லை.

“மத்ததெல்லாம் குடியிருக்க வாறதுகள். இது வந்து, தேத்தண்ணி குடிச்சுப்போட்டு, எழும்பிப் போற ஆள்” என்றார்.

பெயின்ற் கிடைத்துவிட்டது. பழைய எனாமலை எப்படி எடுப்பது? அதைக் கரைக்கிற மருந்து எனாமலைவிடப் பத்து மடங்கு மணக்கும். ஆகவே தூண்களில் இருந்த பத்துக் கல்லையும் கழற்றி அரியாலைக்குக் கொண்டுபோய், பட்டறையில் சுரண்டி, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, புது வெள்ளை நிரப்பினேன். அதுவும் பள்ளம் நிரம்ப விடவில்லை. நிரப்பினால் விரலுக்கு எழுத்துத் தெரியாது என்று அவர் சொல்லியிருந்தார். பெயின்றைக் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று தரம் விட்டு, அடியில் மட்டும் நிற்கும்படி செய்தேன். விரலுக்குப் பள்ளம், கண்ணுக்கு வெள்ளை. தின்னர்த் துணிக்குப் பதிலாக ஈரத் துணி. என் வாழ்க்கையில் தின்னர்ப் போத்தல் திறக்காமல் போன முதல் மாதம் அது.

பதினொராவது கல் கடல் வாசல். அது மதிலோடு சீமெந்தில் பதித்தது. கழற்ற முடியவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் இருந்து, வளைத்த ஆணி ஒன்றால் எழுத்தெழுத்தாக மூன்று பின்னேரம் சுரண்டினேன். அந்த மூன்று நாளும் அவர் வந்து கதவில் சாய்ந்துகொண்டு இருந்தார். கதவின் அந்தப் பக்கம் தண்ணீர் மெதுவாக வந்து கற்களைத் தொட்டுவிட்டுப் போகும். சில வேளை அவர் கதைப்பார். சில வேளை தண்ணீரைக் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்குக் கதவு, கல், தண்ணீர், அவர் எல்லாம் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் இருப்பது போலத் தோன்றும்.

தண்ணீர் ஓரத்தில் என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். நானாக ஒருவரிடம் ஒன்று கேட்பது அபூர்வம்.

“ஒண்டும் செய்யிறேல்லை,” என்றார். “அங்கை நிண்டால் எனக்கு முன்னாலை ஒண்டும் இல்லை எண்டு தெரியும். கையை நீட்டினால் சுவர் இல்லை, ஆள் இல்லை. அவ்வளவுதான்.” பிறகு, “நீர் எழுத்தை ஆழமா வெட்டுறீர். நல்லது” என்றார்.

அதுவரை என்னை நீங்கள் என்றவர். நெருங்கியவர்களிடம் சொல்கிற அந்த ‘நீர்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு அன்று நான் வீட்டுக்குப் போனேன். சைக்கிள் தானாகப் போனது.

மூன்றாம் நாள் அவர் விரலை விட்டு எழுத்தின் அடியைத் தடவி, ஒரு வளைவின் மூலையில் எனாமல் ஒரு நெல்லளவு மிச்சம் இருக்கிறது என்றார். என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆணியைப் போட்டபோது ஒரு துணுக்கு வந்தது.

கற்கள் எல்லாம் திரும்பி வந்தன. பொறுப்பாளர் சொன்ன கிழமை தொடங்கியது. நான் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு சாட்டுச் சொல்லி அங்கே போனேன். முதல் நாலு நாளும் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை ஆர்மோனியப் பெரியவர், விழுந்த பிறகு முதல் தடவையாகத் தனியாகக் கிணற்றடிக்குப் புறப்பட்டார். பொறுப்பாளர் அலுவலக வாசலில் வந்து நின்றார். கொட்டிலில் கைகள் எல்லாம் நின்றன. பெரியவர் தேசி மரத்தடிக்கு வந்தார். நேராக ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி வைத்தார். என் பக்கத்தில் நின்ற அவர் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். பெரியவர் நின்றார். தலையை ஒருமுறை அந்தப் பக்கம், ஒருமுறை இந்தப் பக்கம் திருப்பினார். பிறகு பின்னால் இரண்டடி வந்து, வலப்பக்கம் திரும்பி, கிணற்றடிக்குப் போனார்.

“தேசிக்காய் திரும்பி வந்திட்டுது,” என்று போகிற போக்கில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

கிழமை முடிந்த அன்று பின்னேரம் பூட்டைத் திறந்தார்கள். வைகாசி தொடக்கம். அன்றுதான் சோளகமும் தொடங்கியது. கடலில் இருந்து நேரே வளவுக்குள் வீசியது. நான் வேலை முடித்து, குளித்து, தோய்த்த சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஒரு மாதத்துக்கு மேலாகத் தின்னர் தொடாத கை. அந்தச் சட்டையை அக்கா முதன்முதலாக வீட்டுக்குள்ளே கொடியில் காயவிட்டிருந்தா. கடல் வாசலுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், மதிலோடு ஒட்டி நின்றேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஆனாலும் நான் கதைக்கத் தேவையில்லை, வந்தது அவருக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அவர் வந்தார். தேசி மரத்தடியில் நின்று முகத்தை நிமிர்த்தினார். திரும்பினார். பிரம்பு கல்லில் தட்டும் சத்தம் ஒரே அளவாக வந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை. ஒரு கவனம் மட்டும் இருந்தது. என்னை நோக்கியே வருவது போல வந்தார். கை நீட்டினால் தொடலாம் என்ற தூரத்தில், என்னைத் தாண்டிப் போனார்.

தலைகூடத் திரும்பவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அங்கே இல்லை. அவருக்கு நான் ஒரு தூண்கூட இல்லை. தூணை விரலாவது தொடும். என்னை அடையாளம் சொல்லிக்கொண்டிருந்த மணத்தை நானே ஒரு மாதமாகக் கழுவித் துடைத்து இல்லாமல் பண்ணிவிட்டேன்.

அவர் கடல் வாசல் கல்லடியில் நின்று, பள்ளத்துக்குள் விரலை விட்டு மெதுவாக வாசித்தார். கதவைத் தள்ளக் கை வைத்தார். இன்னும் ஒரு கணத்தில் போய்விடுவார். அந்த நடை அவருடையது, அதற்குள் குறுக்கே போகக்கூடாது என்றும் தெரிந்தது.

“நான் இதிலை நிக்கிறன்,” என்றேன். கேட்டிருக்காதோ என்று பயந்து இன்னும் ஒருமுறை, கொஞ்சம் பலமாகச் சொன்னேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“நீரோ? எவ்வளவு நேரமா நிக்கிறீர்?”

“நீங்கள் வர முன்னமே.”

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். முகத்தை நிமிர்த்தினார். காற்று என் பக்கம் இருந்து அல்ல, கடலில் இருந்துதான் வந்தது. ஆனாலும் அவர் காத்திருந்தார்.

“ஒண்டும் வரேல்லை,” என்றார் பிறகு. “உம்மடை மணமும் போட்டுது. மணமில்லாத ஆள் வாயைத் திறக்கத்தான் வேணும். வேறை வழியில்லை.” கொஞ்சம் சிரித்தார். “இனித் தின்னர் எண்டும் கூப்பிட ஏலாது. உம்மடை பேர் என்ன?”

சொன்னேன்.

என் பெயரை அவர் திரும்பச் சொன்னார். மெதுவாக, கல்லில் தடவிப் பார்ப்பது போல ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நான் எத்தனையோ பேருடைய பெயர்களை வெட்டியிருக்கிறேன். உயிரோடு இருக்கிறவர்களுடையதும், இல்லாதவர்களுடையதும். என் பெயர் எவ்வளவு நீளம், எங்கே வளைகிறது, எங்கே முடிகிறது என்று நான் அறிந்தது அந்தக் கணத்தில்தான்.

பிறகு அவர் கதவைத் தள்ளினார். நான் பின்னால் போகவில்லை. பிரம்பு கல்லில் தட்டும் சத்தம் மணலில் இறங்கியதும் நின்றது. தண்ணீர் ஓரம் போய், ஒரு கையை முன்னால் நீட்டிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இருக்கவில்லை.